ரொட்டிக் கத்தியும் பன்னிரண்டு முரடர்களும்

சாப்பாட்டு மேஜை இருந்தது, உட்காரத்தான் ஆளில்லை. ஆளுக்கொரு மூலையில் தரையில் குந்திக்கொண்டு விழுங்கினார்கள். கூச்சல் தூரத்துக்குக் கேட்டது. ஜன்னல்கள் நொறுங்கின, கதவுகள் உதைபட்டன. பொறுப்பிலிருந்த ஆசிரியைகள் ஒருவனையும் அடிக்கவில்லை. அடிக்கக் கூடாது என்பது உத்தரவு.

உத்தரவு போட்டவர் ஆகஸ்ட் ஐக்ஹார்ன், வியன்னாவின் பள்ளி ஆசிரியர். முதல் உலகப் போர் முடிந்த 1918இல், ஆஸ்திரியாவின் ஓபர்ஹொல்லாப்ரூனில், போர் அகதிகள் தங்கியிருந்த கொட்டகைகளில் சிறுவர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். திருட்டு, அடிதடி, வீட்டைவிட்டு ஓடுவது என்று ஊர் சலித்துப்போன பிள்ளைகள் வந்தார்கள். அவர்களைக் குழுகுழுவாகப் பிரித்ததில், எதிலும் ஒட்டாமல் மிஞ்சியவர்கள் இந்தப் பன்னிரண்டு பேர்.

அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது நம் பழமொழி. அந்தக் காலத்துச் சீர்திருத்தப் பள்ளிகள் பலவற்றிலும் அதே நம்பிக்கைதான். ஐக்ஹார்ன் பையன்களின் வீட்டுக் கதையைக் கேட்டார். பன்னிரண்டு பேருமே ஈவிரக்கமின்றி அடிபட்டு வளர்ந்தவர்கள். பெரியவர் என்றால் கடைசியில் அடிப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அடியை வாங்கத்தான் சீண்டுகிறார்கள். அடி விழுந்துவிட்டால், தாங்கள் வெறுத்தது சரிதான் என்று ஆகிவிடும். விழாவிட்டால்?

முதலில் சீண்டல் கூடியது. ஒருநாள் ஒருவன் ரொட்டிக் கத்தியை இன்னொருவன் கழுத்தில் வைத்து, அறுத்துவிடுவேன் என்று கத்தினான். பக்கத்திலேயே இருந்த ஐக்ஹார்ன் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அது தனக்காக நடத்தப்படும் நாடகம் என்று கண்டுகொண்டார். (எல்லாக் கத்தியையும் இப்படி விட்டுவிட முடியாது. இந்தப் பையனை அவருக்குத் தெரியும், அதுதான் விஷயம்.) பார்க்க ஆளில்லாத நாடகக்காரன் கத்தியை வீசி எறிந்தான், காலால் தரையை உதைத்தான், ஊளையிட்டான், பிறகு அழுது அழுது ஓய்ந்து தூங்கிப்போனான். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் அப்படியே உடைந்தார்கள்.

அதற்குப் பிறகும் உடனே சாதுவாகிவிடவில்லை. சின்னக் குழந்தைகள்போல் ஆசிரியையை ஒட்டிக்கொண்டார்கள், பொறாமைப்பட்டார்கள், தொட்டதற்கெல்லாம் கோபித்தார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, இவர்கள் பாழாக்கிய கொட்டகையிலிருந்து புதிதாகச் சீர்செய்த ஒன்றுக்கு அவர்களைக் குடிமாற்றினார்கள். இந்த அனுபவங்களை ஐக்ஹார்ன் 1925இல் புத்தகமாக்கினார். முன்னுரை சிக்மண்ட் ஃப்ராய்டுடையது.

ஐக்ஹார்னிடம் பயின்ற ஃப்ரிட்ஸ் ரெடில், அமெரிக்காவுக்குப் போய் 1946இல் டெட்ராய்ட்டில் பயனியர் ஹவுஸ் என்ற சிறு இல்லத்தைத் தொடங்கினார். சண்டை வந்தால் மனநல மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அதைக் கண்ணால் பார்த்தவரே அங்கேயே உட்கார்ந்து பையனோடு பேசட்டும் என்றார். இன்னொரு விதி இதைவிடக் கடினம்: பாசமும் பரிவும் நல்ல நடத்தைக்குச் சம்பளம் அல்ல, காலையில் நாற்காலியை உடைத்தவனுக்கும் அவை உண்டு.

பையன்களிடம் மாற்றம் தெரியத் தொடங்கிய நேரத்தில், இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், பணமில்லாமல் அந்த வீடு மூடப்பட்டது.