தாயின் கையிலும் ஒரு பொம்மை

நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி ஒரு குருவியை வளர்த்து வந்தார். அது இறந்ததும் அவர் முகம் வாடியிருந்தது. அதனைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பெரியவர்களை விளிப்பதுபோல 'அபூஉமைர்' என்று அச்சிறுவரை விளித்து, குருவி என்ன ஆயிற்று என வினவினார்கள். ஹதீஸ் நூல்களில் நீங்கள் படித்திருக்கக்கூடிய இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் உள்ளன. குழந்தையிடம் அதன் விளையாட்டுத் துணையைப் பற்றியே பேசினார்கள் என்பது ஒன்று. அந்த மக்களின் வழக்கப்படி, மரியாதை குன்றாமல் பேசினார்கள் என்பது மற்றொன்று.

நபிமொழியை உளவியல் பாடமாக்குவது என் நோக்கமன்று. ஆயினும், அமெரிக்காவில் குழந்தைகளின் மனநோவைத் தீர்க்க முயல்வோர் முதலாவதை நன்கு அறிந்திருந்தும், இரண்டாவதைக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று என்று படித்தபோது இந்நிகழ்ச்சியே நினைவுக்கு வந்தது.

அங்கே விளையாட்டுவழிச் சிகிச்சை என்றொரு துறை உண்டு. வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்னும் அம்மையார் 1947-இல் எழுதிய நூல் அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. சிறு குழந்தையால் தன் அச்சத்தையும் கோபத்தையும் சொற்களில் எடுத்துரைக்க இயலாது. ஆகவே பொம்மை வீடு, களிமண், மணல் தொட்டி, அடுப்படிச் சாமான்கள், காவலர் வண்டி, மருத்துவர் பெட்டி முதலியவை நிறைந்த அறையில் குழந்தையை விளையாட விட்டு, சிகிச்சையாளர் உடனிருந்து கவனிப்பார். எதை எடுப்பது, எப்படி ஆடுவது என்பதெல்லாம் குழந்தையின் தீர்மானம். எவருக்கேனும் தீங்கு நேரும் என்றாலோ, பொருள் பாழாகும் என்றாலோ தடுப்பார்.

அந்நாட்டில் மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடார், குவாத்தமாலா முதலிய நிலங்களின் வழிவந்தோர் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 6 கோடியே 21 இலட்சம் பேர். ஆணை 'லத்தீனோ' என்றும் பெண்ணை 'லத்தீனா' என்றும் வழங்குவர். இரண்டிற்கும் பொதுவாக 'லத்தீனே' என்ற சொல்லை ஆய்வாளர் சிலர் இப்போது ஆள்கின்றனர். அச்சொல் அம்மக்களின் எத்தனை வீடுகளில் புழங்குகிறது என்பது வேறு கதை!

அவ்வீடுகளுள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஏழு வயது மகன் அமெரிக்காவில் பிறந்தவன், ஆதலால் குடிமகன். பெற்றோரிடமோ உரிய ஆவணங்கள் இல்லை. தாய்க்கு ஸ்பானிய மொழி மட்டுமே தெரியும். மின்கட்டணச் சீட்டு முதல் மருத்துவர் கூறும் செய்தி வரை அச்சிறுவனே மொழிபெயர்க்கிறான். வகுப்பில் அடங்க மறுக்கிறான் என்று ஆசிரியை கூறும் குறையைக்கூட அவனேதான் தாய்க்குச் சொல்ல வேண்டும். (முழுவதையும் சொல்வானா என்று நீங்கள் புன்னகைக்கலாம்.) தந்தை வேலையிலிருந்து திரும்பத் தாமதமானால், பிடித்து நாடு கடத்திவிட்டார்களோ என்று நடுங்குகிறான். அவன் விளையாட்டு அறையில் காவலர் வண்டியை எடுத்து மணலில் ஆழப் புதைத்தால், அதனை வெறும் குறும்பு என்று எழுதிவைக்கும் சிகிச்சையாளர் அவ்வீட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவர்.

ஆனால் பெரிய இடர் தாயின் பக்கமே எழுகிறது. அக்குடும்பங்களில் 'ரெஸ்பெத்தோ' என்றொரு சொல் உண்டு. மரியாதை என்று மொழிபெயர்த்தால் பாதிப் பொருளே கிட்டும். பெரியவர் முன் குரல் தாழ்த்துவதும், சொன்ன சொல் கேட்பதும், தன் இடம் அறிந்து நடப்பதும் அதனுள் அடங்கும். 'கல்வியுள்ள பிள்ளை' என்று அவர்கள் ஸ்பானியத்தில் புகழும்போது படிப்பைக் கருதுவதில்லை, பண்பையே கருதுகிறார்கள். அத்தகைய தாயிடம், "இந்த அறையில் உங்கள் மகன் தன் விருப்பம்போல் நடப்பான், என்னைப் பெயர் சொல்லி அழைப்பான்" என்று ஒருவர் கூறினால் அத்தாய் என்ன நினைப்பார்? 'நான் பாடுபட்டுக் கட்டியதை இவர் அவிழ்க்கிறார்' என்றே நினைப்பார். அடுத்த வாரம் வரமாட்டார். சிகிச்சையாளரின் குறிப்பேட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று ஒரு வரி ஏறும்.

பண்பாட்டை மதித்துச் சிகிச்சை செய்வோர் முதல் சந்திப்பை வினாத்தாளோடு தொடங்குவதில்லை. ஊர், உறவு, சமையல் என்று பேச்சு நீள்கிறது. பாட்டி உடன் வந்தால் அவருக்கும் இருக்கை உண்டு. மொழிபெயர்க்கப் பெரியவர் ஒருவரை அமர்த்துகிறார்கள். பிள்ளையை அவ்வேலைக்கு அழைப்பதில்லை. மரியாதைச் சொல்லோடு அழைக்க விரும்பும் குழந்தையை அவ்வாறே அழைக்க விடுகிறார்கள். அறையின் விதி வேறு, வீட்டின் விதி வேறு என்பதைத் தாயின் முன்னிலையிலேயே பிள்ளைக்கு எடுத்துரைக்கிறார்கள். பொம்மைகளும் மாறுகின்றன: மாநிறப் பொம்மைகள், தாத்தா பாட்டியரும் உள்ள பொம்மைக் குடும்பம், சோள ரொட்டி சுடும் கல், ஸ்பானியப் படக்கதைகள்.

இவ்வழியில் என்னை மிகவும் ஈர்த்தது நியூயார்க்கில் நடந்த ஒரு முயற்சி. கோஸ்தாந்தினோ, மால்கடி, ராக்லர் என்னும் மூவர் 1986-இல் அதனைப் பற்றி எழுதினர். போர்ட்டோ ரிக்கோவின் நாட்டுப்புறக் கதைகளைத் தாய்மாரும் சிகிச்சையாளரும் சேர்ந்து குழந்தைகளுக்கு இரு மொழியிலும் படித்துக் காட்டினர், கதையைப் பற்றிப் பேசினர், நடித்தும் பார்த்தனர். வழக்கமான சிகிச்சை பெற்ற குழந்தைகளைக் காட்டிலும் இவர்களிடம் பதற்றம் குறைந்தது. மருத்துவரின் அறைக்குள் ஒன்றும் அறியாதவராய் அமர்ந்திருந்த தாய், அங்கே கதை தெரிந்தவராகிவிட்டார் அல்லவா?

பெற்றோரையே இம்முறையில் பழக்குவது பற்றி பெர்னார்ட் கெர்னி 1964-இலேயே எழுதியிருந்தார். டெக்சாசில் கேரி லாண்ட்ரெத், சூ பிராட்டன் ஆகிய இருவரும் அதனைப் பத்து வகுப்புகளாக வகுத்தனர். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் தாயோ தந்தையோ வீட்டில் அமர்ந்து, பிள்ளை சொல்படி விளையாட வேண்டும். விளையாட அண்ணன் தம்பியரும் மாமன் மக்களும் இருக்கத் தாய் எதற்கு என்று கேட்கும் வீடுகளில் இது எளிதன்று. ஆகவே ஸ்பானிய மொழியில், அவர்கள் குடும்ப வழக்கத்திற்கேற்ப வகுப்பை மாற்றியமைத்தனர். வருவாய் குறைந்த, குடியேறிய லத்தீனோ பெற்றோரிடையே செபாயோசும் பிராட்டனும் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளின் நடத்தைச் சிக்கலும் பெற்றோரின் மனச்சுமையும் குறைந்தன.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. நான்கைந்து ஸ்பானியச் சொற்களை மனப்பாடம் செய்துவிட்டால் அம்மக்களை அறிந்துவிட்டதாக எண்ணத் தோன்றும். எடுத்துக்காட்டாக, பிள்ளை தேறுவானா என்று கேட்டால் தாய் 'ஒஹலா' என்பார். அந்தலூசியாவில் அரபு மொழி வழங்கிய காலத்தின் எச்சம் அச்சொல். அல்லாஹ் நாடினால் என்னும் தொடரின் திரிபு. இத்தகைய பேச்சை விதியின்மேல் பாரத்தைப் போடும் மனப்போக்கு என்று முத்திரை குத்துவோர் உண்டு. இன்ஷா அல்லாஹ் என்று கூறிவிட்டுக் காலையில் வேலைக்குப் புறப்படும் நமக்கு அவ்வாறு தோன்றாது.

மயாமியில் கடை வைத்திருக்கும் கியூபரும் கலிபோர்னியாவில் பழம் பறிக்கும் மெக்சிகோக்காரரும் ஒரே வார்ப்பினர் அல்லர். குவாத்தமாலாவிலிருந்து வரும் மாயா இனக் குழந்தைகள் பலருக்கு ஸ்பானியமே தாய்மொழியன்று. வீட்டில் 'மாம்' அல்லது 'கிச்சே' பேசுவர். ஸ்பானியம் அறிந்தவரை அமர்த்திவிட்டோம் என்று நிலையத்தார் நிம்மதியுறும் நேரத்தில், அக்குழந்தை பொம்மைகளுக்கு நடுவே வாய் திறவாமல் நின்றிருக்கும்.