குளிரோடு குடித்தனம்

“இஞ்சேருங்கோ, இந்தத் தேங்காயெண்ணெய் பழுதாப் போச்சுது போல கிடக்கு. வெள்ளையா இறுகிப்போய் வருகுதில்லை.”

குளிர்காலம் தொடங்கிவிட்டதென்று எங்கள் வீட்டில் முதன்முதலாக அறிவித்தது இந்த வசனந்தான். எண்ணெய் பழுதாகவில்லை. தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். ஊரில் மார்கழி விடியற்புறத்தில் சற்று இறுகும், வெயில் ஏற இளகிவிடும். இங்கே ஐப்பசியில் இறுகுவது சித்திரை தாண்டியும் இளகுவதில்லை. போத்தலை ஹைற்சுங்குக்கு மேலே வைத்துவிட்டுத்தான் தலைக்கு எண்ணெய் தேய்க்கவேண்டும். புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் இதைப் பார்த்துப் போத்தலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாங்கள் ஒன்று போட்டிருக்கிறோம்.

2016ஆம் ஆண்டு ஐப்பசியில் எங்கள் குடும்பம் சூக்கில் ஒன்றுசேர்ந்தது. அதற்கு முன்னர் தனியாக இருந்த காலத்தில் குளிர் என்பது வேலைக்குப் போகும் வழியும் வரும் வழியும் மட்டுந்தான். மிச்ச நேரம் பக்ரறி வெக்கையில் போய்விடும். மனைவியும் பிள்ளையும் வந்த பின்னர்தான் குளிரோடு குடித்தனம் நடத்துவது வேறு விஷயம் என்று விளங்கியது. வந்த முதல் வருடமே நல்ல வரவேற்பு. 2017ஆம் ஆண்டு தை மாதம் சுவிஸின் வடபகுதியில் 1987க்குப் பிறகு வந்த மிகக் குளிரான தை மாதமாக இருந்தது.

சுவிஸ் முழுவதும் ஒரே குளிர் என்று நினைக்கக்கூடாது. நொய்சாத்தல் கன்ரோனில் லா பிறெவீன் என்றொரு கிராமம் இருக்கிறது. 1987 தை 12ஆம் திகதி அங்கே சைபருக்குக் கீழே 41.8 பாகை பதிவாகியிருக்கிறது. 1963இல் சூரிச் ஏரி முழுவதும் உறைந்து சனங்கள் அதன்மேல் நடந்து திரிந்தார்கள். இங்குள்ள வயதானவர்கள் அதை இன்றைக்கும் சொல்வார்கள். எங்கள் சூக் நகரம் ஏரிக்கரையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 425 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான குளிர்கால நாட்களில் வெப்பமானி சைபரைச் சுற்றித்தான் நிற்கும். ஆனாலும் அந்தச் சைபர் பொல்லாத சைபர். மலையிலே வெயிலோடு கூடிய மைனஸ் எட்டைவிட ஏரிக்கரையிலே புகாரோடு கூடிய பிளஸ் ஒன்று எலும்புக்குள் போகும். அதோடு வடகிழக்கிலிருந்து வீசும் ‘பீசே’ காற்றும் சேர்ந்துவிட்டால் காது இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டியதுதான்.

உடுப்பைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, வந்த கிழமையே எல்லோரும் ஆளுக்கொரு புத்தி சொல்லியிருப்பார்கள். இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, பருத்திப் பெனியன் வியர்வையை வைத்துக்கொண்டு பிறகு உடம்பைக் குளிரவைக்கும். வேலைக்குப் போகிறவர்கள் உள்ளே கம்பளியோ விளையாட்டுக்காரர் போடும் துணியோ போடுவது நல்லது. மற்றது சப்பாத்து. இரண்டு சோடி மேசு போட்டு அளவான சப்பாத்துக்குள் காலை இறுக்கினால் இரத்தம் ஓடாமல் இன்னும் கூடுதலாக விறைக்கும். ஒரு நம்பர் பெரிதாக வாங்குங்கள். விறைத்த விரலை ஹைற்சுங்கில் வைக்கவோ கொதிநீரில் விடவோ வேண்டாம். உணர்ச்சி இல்லாத தோல் வெந்தாலும் தெரியாது. இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும். புது ஜக்கற்றின் விலையைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. பழைய சாமான் விற்கும் புறொக்கன்ஹவுஸ்களில் நல்ல ஜக்கற்றுகள் மலிவாகக் கிடைக்கும். முதல் வருடம் நாங்கள் மூவரும் அப்படித்தான் உடுத்தோம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, இந்நாட்டுக்காரரும் அங்கே வாங்குகிறார்கள்.

பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது, கிண்டர்கார்டன். ஒரு நாள் காலை மைனஸ் ஆறு. “இந்தக் குளிருக்குள்ள பிள்ளையை வெளியில விடேலுமோ” என்று வீட்டில் நிறுத்திவிட்டோம். ஒன்பது மணிக்கு ரீச்சர் ரெலிபோன் எடுத்துவிட்டார். பிள்ளைக்கு வருத்தமா என்று கேட்டார், குளிர் என்றோம். சற்று நேரம் பேச்சு மூச்சில்லை. பிறகுதான் அறிந்தோம், அன்றைக்குப் பிள்ளைகளெல்லாம் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்களாம்! குளிருக்காகப் பிள்ளையை மறிக்கும் வழக்கம் இங்கே இல்லை. பனிக்காற்சட்டை, கையுறை, தொப்பி கொடுத்து அனுப்பவேண்டும். கையுறை தொலையும். இரண்டு சோடி வாங்கி எல்லாவற்றிலும் பெயர் எழுதிவிடுங்கள். காரில் ஏற்றும்போது மட்டும் தடித்த ஜக்கற்றைக் கழற்றிவிட்டுத்தான் பட்டி போடவேண்டும். ஜக்கற்றோடு போட்டால் பட்டி உடம்பைப் பிடிக்காது, மோதினால் பிள்ளை கழன்றுவிடும்.

இனி, நாங்கள் உண்மையில் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறோம். எங்களோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர், எங்களைவிட மூப்பானவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஆறு மணி ஷிப்ட். முதல்நாள் இரவு பெய்த மழை உறைந்த நிலத்தில் விழுந்து கண்ணாடியாகியிருந்தது. ‘கிளாட்ஐஸ்’ என்பார்கள். பனி வெள்ளையாகத் தெரியும், இது கண்ணுக்கே தெரியாது. பஸ் தரிப்புக்குப் போகும் வழியில் சறுக்கி, விழும்போது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. நல்லெண்ணெய் பூசி, துணியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கு வந்தார். எங்களுக்குத் தெரியும், நாங்களும் சொல்லவில்லை. ஏன்? “கை ஏலாது எண்டு தெரிஞ்சால் வேலையால நிப்பாட்டிப்போடுவாங்கள்” என்ற பயம். அவருக்கு ஊரில் இரண்டு தங்கச்சிமார். மூன்றாம் நாள் பாரமான பெட்டி ஒன்று கையை விட்டு விழ, மேற்பார்வையாளர் கண்டுவிட்டார். அன்றே வைத்தியசாலை. எலும்பு முறிவு. இரண்டு நாள் பிந்தியதால் எலும்பு விலகி, சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது.

அவர் பயந்தது நடக்கவில்லை. எங்களுக்குத் தெரியாமலிருந்த சட்டத்தை அன்றைக்குத்தான் படித்தோம். ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணித்தியாலமோ அதற்குக் கூடவோ வேலை செய்யும் எவருக்கும் வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி இருக்கிறது. வேலைக்கு வரும் வழியும் அதில் அடக்கம். வைத்தியச் செலவு காப்புறுதியைச் சேர்ந்தது, கிறாங்கன்காசேயில் போல முதற்பகுதியை நாங்கள் கட்டத் தேவையில்லை. விபத்து நடந்த நாளுக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 வீதம் கிடைக்கும். செய்யவேண்டியது ஒன்றுதான். உடனே முதலாளிக்கு அறிவிக்கவேண்டும். பரீட்சார்த்த காலம் முடிந்த நிரந்தர வேலையாளரை விபத்தாலோ வருத்தத்தாலோ வேலை செய்யமுடியாத நிலையில் இருக்கும்போது, முதல் வருடமென்றால் 30 நாட்களுக்கும், இரண்டாம் வருடத்திலிருந்து ஐந்தாம் வருடம் வரை 90 நாட்களுக்கும், அதற்குமேல் 180 நாட்களுக்கும் வேலைநீக்கம் செய்யமுடியாது. அண்ணைக்கு அது மூன்றாம் வருடம். துணி சுற்றத் தேவையே இருக்கவில்லை.

துப்புரவு வேலைக்குக் கிழமையில் நாலைந்து மணித்தியாலம் போகும் சகோதரிகள் கவனிக்கவும். ஓரிடத்தில் எட்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு வேலையிலும் வேலைக்குப் போய்வரும் வழியிலும் நடக்கும் விபத்துக்குத்தான் அந்தக் காப்புறுதி. கடைக்குப் போகும்போது சறுக்கினால் இல்லை. அவர்களும், வேலையில்லாமல் வீட்டில் இருப்பவர்களும், பிள்ளைகளும் கிறாங்கன்காசேயில் விபத்தையும் சேர்த்திருக்கவேண்டும். மாதாந்தக் காசு குறையுமென்று யாரோ சொன்னதைக் கேட்டு வெட்டிவிடவேண்டாம். இன்று இரவே காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

வெளியே வழுக்கினால் தெரியும். வீட்டுக்குள்ளே வருவது தெரியாமல் வரும். முதல் குளிர்காலத்தில் எங்கள் பிள்ளைக்கு இருமல் விடவேயில்லை. மல்லித்தண்ணி, வேர்க்கொம்பு, டொக்டர் தந்த பாணி எல்லாம் கொடுத்தோம். தை முடிவில் அலுமாரியை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். வீட்டுக்காரரில் எங்களுக்கு வந்த கோபம் சொல்லத்தரமன்று. அகதி என்றபடியால் ஈரவீட்டைத் தள்ளிவிட்டார்கள் என்று முடிவுகட்டிக் கடிதம் எழுதினோம். வந்தவர் ஒரு மானியை மேசையில் வைத்தார். ஈரப்பதன் 74 வீதம். குளிர்காலத்தில் 50க்கு மேலே போகாமல் பார்க்கவேண்டுமாம். “யன்னலைத் திறக்கவேண்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குளிர் வருகிறதென்று யன்னல் விளிம்புகளுக்கு நாங்கள் ரேப் ஒட்டியிருந்தோம்!

தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தோம். வாடகைக்கு இருப்போர் சங்கத்தில், அதாவது மீற்றர்பெர்பாண்டில், ஆலோசனை கேட்டபோது பிழை இரண்டு பக்கமும் என்று தெரிந்தது. அந்த மூலைச்சுவர் குளிர் தாங்காத சுவர், அது கட்டடத்தின் குறை. ஆனால் ஈரம் எங்களுடையது. யோசித்துப் பாருங்கள். காலையில் புட்டு அவியும், மத்தியானம் சோறு கொதிக்கும். உடுப்புத் தோய்க்கும் முறை இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவதால் மீதி உடுப்பெல்லாம் அறைக்குள் கொடியில் காயும். இந்த ஆவியெல்லாம் எங்கே போகும்? வீட்டில் மிகவும் குளிர்ந்த சுவரைத் தேடிப்போய்த் தண்ணீராகும், அங்கே பூஞ்சணம் பிடிக்கும்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தரம், எதிரெதிர் யன்னல்களை ஐந்து முதல் பத்து நிமிடம் அகலத் திறக்கிறோம். யன்னலை மேற்பக்கம் சரித்து நாள் முழுக்க விடுவது பிழை, சுவர் குளிரும், காசும் போகும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். வீட்டுக்காரரும் சுவரைத் திருத்தித் தந்தார். பங்குனியில் பிள்ளையின் இருமல் நின்றது. உங்கள் வீட்டில் பூஞ்சணம் கண்டால் மேலே பெயின்ற் அடித்து மறைக்காதீர்கள். படம் எடுத்து, பதிவுத் தபாலில் எழுதுங்கள். மறைத்துவிட்டு வீடு மாறும்போது எல்லாம் உங்கள் தலையில்தான் வரும்.

ஹைற்சுங் திருகியில் 3 என்றால் சுமார் 20 பாகை, அது போதும். 5இல் வைத்தால் கெதியில் சூடாகாது, கூடத்தான் சூடாகும். ஒரு பாகை கூட்டினால் சூடாக்கும் செலவு ஏறத்தாழ 6 வீதம் கூடும். அந்தக் கணக்கு வருட முடிவில் ஒரு கடிதமாக வரும்போதுதான் வேர்க்கும். 2022இல் உக்ரெயின் யுத்தத்தால் எரிவாயுத் தட்டுப்பாடு வருமென்று அரசாங்கமே வெப்பத்தைக் குறைக்கும்படி எல்லோரிடமும் கேட்டது. அந்த வருடம் எங்களுக்கு அது புதிதாக இருக்கவில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பிள்ளை பெற்ற வீடுகளில் குளிப்பாட்டியபின் தணல் போட்டுச் சாம்பிராணிப் புகை பிடிப்பது எங்கள் வழக்கம். ஊர் வீட்டில் கூரையாலும் கதவாலும் காற்றுப் போகும். இங்குள்ள வீடுகள் டப்பா மாதிரி அடைபட்டவை. கரித்தணலிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடியும் நித்திரையுமாக வந்து ஆளைக் கொன்றுவிடும். பாபகியூ அடுப்பையும் வீட்டுக்குள் கொண்டுவரவேண்டாம். சந்தேகம் வந்தால் எல்லோரும் வெளியே வந்து 144க்கு அடியுங்கள். அம்மாமார் ஊரிலிருந்து ரெலிபோனில் சொல்லித்தருவார்கள், நாங்கள்தான் நயமாகச் சொல்லிச் சமாளிக்கவேண்டும்.

குளிரைவிட இருட்டுத்தான் சிலருக்குக் கஷ்டம். ஐப்பசிக் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தபின் பின்னேரம் சட்டென்று இருட்டும். மார்கழி நடுப்பகுதியில் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கும், ஐந்து மணிக்கு முன்னமே விழுந்துவிடும். சூக்கில் அந்தச் சூரியனையும் காணக்கிடைக்காது. குளிர்ந்த பாரமான காற்று யூறா மலைக்கும் அல்ப்ஸுக்கும் நடுவே குளம்போலத் தேங்கிநிற்க, மேலே சூடான காற்று மூடிபோலக் கவிழ்ந்துவிடும். நடுவிலே புகார். ‘ஹோக்நேபல்’ என்பது இதுதான். நாட்கணக்கில் கலையாது.

வந்த வருடம் மனைவி மூன்று கிழமையாகக் கீழ்த்தபால்பெட்டியைத் தாண்டிப் போகவில்லை. பகலிலும் படுக்கை. கேட்டால், “எங்கை போறது, வானமே இல்லை” என்பார். பிள்ளைக்கு விற்றமின் டி கேட்கப்போன இடத்தில் டொக்டர் அவரையும் சோதித்தார், மிகக் குறைவாக இருந்தது. எங்கள் நிறத் தோலுக்கு வெயில் கூட வேண்டும், கிடைப்பதோ குறைவு. துளிமருந்து தந்தார். கேட்டு வாங்குங்கள், வெட்கப்படவேண்டாம்.

2016 மார்கழியில் ஒரு ஞாயிறு, மேல்மாடியில் இருக்கும் சுவிஸ் அம்மா படியிலே எங்களைக் கண்டு, விரலை மேலே காட்டி “ஓபே பிளாவ்” என்றார். மேலே நீலமாம். நாங்கள் நம்பவில்லை. ஆனாலும் பஸ் ஏறிச் ஷோன்எக் போய், அங்கிருந்து சூகர்பேர்க் மலைறெயிலில் ஏறினோம். 1907இலிருந்து ஓடும் றெயில் அது. பாதிவழி வரை சாம்பல். பிறகு யன்னல் மஞ்சளாகியது. வெளியே இறங்கினால் கண் கூசுகிறது! காலடியில் வெள்ளைக் கடல், அதற்குள்ளிருந்து றிகியும் பிலாத்துஸும் தீவுகள்போல எழும்பி நின்றன. அந்த மார்கழி மழையோ பனியோ இல்லாத மார்கழி, புல் காய்ந்து கிடந்தது. மனைவி ஜக்கற்றைக் கழற்றி வாங்கிலில் வைத்துவிட்டு முகத்தை வெயிலுக்குக் கொடுத்தபடி இருந்தார். கட்டிக்கொண்டுபோன புட்டும் சம்பலும் அங்கேதான் சாப்பிட்டோம். பக்கத்து வாங்கிலில் இருந்த இரண்டு கிழவர்கள் மணத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவருக்குக் கொஞ்சம் கொடுத்தோம், சம்பலால் இருமினார்.

அதற்குப் பிறகு புகார் மூன்று நாளுக்குமேல் நின்றால் ஞாயிறில் மேலே போவது வழக்கமாகிவிட்டது. பனி விழுந்த வருடங்களில் அங்கிருந்து ஷோன்எக் வரை சறுக்குவண்டிப் பாதை திறப்பார்கள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். புறப்படும் முன்னர் மேலே வெயிலா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நாங்கள் கேளாமல் போய், மேலேயும் புகாருக்குள் நின்று புட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.