தலையில் தடவும் மருந்தின் பயன் எத்துணைக் காலம்?

தலைமயிர் உதிர்வது உயிருக்கு ஊறு செய்யும் நோயன்று. ஆயினும், அதனால் மனம் நொந்தோர் செய்யும் செலவு சிறிதன்று. செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் மயிர் வளர்க்கும் தைலங்களைப் பற்றிய விளம்பரங்கள் நாள்தோறும் வந்தவண்ணம் உள்ளன. மருந்தொன்றை வாங்கி இரண்டு திங்கள் தடவிப் பார்த்து, 'பயனில்லை' என்று எறிந்துவிடுவோர் ஒரு சாரார். நல்ல பயன் கண்டு, 'இனி வேண்டுவதில்லை' என்று நிறுத்திவிட்டுச் சில திங்களில் மயிரை மீண்டும் இழந்து வருந்துவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் இடர்ப்படுவது ஒரே காரணத்தால்தான். தடவும் மருந்து எப்பொழுது வேலை செய்யத் தொடங்கும், எப்பொழுது உச்சத்தை எட்டும், எவ்வளவு காலம் நிலைக்கும், நிறுத்தினால் என்னவாகும் என்பவற்றை அவர்களுக்கு முன்னரே எடுத்துரைப்பார் இல்லை.

மயிரின் மூன்று பருவங்கள்

முதற்கண் மயிர் வளரும் முறையை அறிதல் வேண்டும். மனிதன் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தோலுக்குள் அமைந்த மயிர்க்கால் என்னும் சிறு பையிலிருந்து முளைக்கின்றது. மயிர்க்கால் ஓயாது உழைப்பதன்று. அதற்கும் உழைப்பும் ஓய்வும் உண்டு. முதலாவது வளர்பருவம், இது 2 முதல் 7 ஆண்டுகள் வரை நீடிக்கும். இரண்டாவது ஒடுங்கு பருவம். இது 2 அல்லது 3 வாரங்களில் முடிந்துவிடும். மூன்றாவது ஓய்வுப் பருவம். இது ஏறத்தாழ 3 திங்கள். ஓய்வு முடிந்ததும் பழைய மயிர் உதிர, அதே இடத்தில் புது மயிர் வளரத் தொடங்கும்.

எல்லா மயிர்களும் ஒரே காலத்தில் ஓய்வெடுப்பதில்லை. ஆதலின், நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் வரை உதிர்வது இயல்பேயாகும். சீப்பில் நான்கு மயிரைக் கண்டவுடன் அஞ்ச வேண்டுவதில்லை. வளரும் மயிர் ஒரு திங்களில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளும். மூன்று திங்கள் ஓய்வு, திங்களுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ச்சி ஆகிய இவ்விரு அளவுகளையும் நினைவிற் கொண்டால், பின்வரும் செய்திகள் தாமே விளங்கும்.

வழுக்கை விழுவது ஏன்?

ஆடவர்க்கு நெற்றியோரத்திலும் உச்சியிலும் விழும் வழுக்கை, பரம்பரைத் தன்மையும் ஆண்மைச் சுரப்புநீரும் சேர்ந்து விளைவிப்பது. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் இது தெளிவாயிற்று. பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஆண்மைச் சுரப்புநீரைச் செலுத்தியபொழுது, வழுக்கைக் குடும்பத்திற் பிறந்தவர்க்கு வழுக்கை தோன்றிற்று. அதனைச் செலுத்துவதை நிறுத்தியபொழுது, வழுக்கை மேலும் பரவுவது நின்றது.

அச்சுரப்புநீர் உடலில் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் வலிய பொருளாக மாறுகின்றது. பரம்பரையால் அதற்கு இளகிக்கொடுக்கும் மயிர்க்கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போகின்றன, வளர்பருவமும் குறுகுகின்றது. முன்பு தடித்து நீண்ட மயிர் வளர்ந்த இடத்தில் பூனைமயிர் போன்ற மெல்லிய மயிர் முளைக்கின்றது. ஆகவே, வழுக்கை என்பது மயிர்க்கால்கள் ஒரே நாளில் மடிந்துபோவதன்று. அவை படிப்படியாக மெலிந்து வருவதேயாகும். பெண்டிர்க்கும் இத்தகைய மெலிவு உண்டு. பெரும்பாலும் அவர்க்கு வகிடு அகன்று தோன்றும்.

கொதிப்பு மருந்து தந்த வியப்பு

தடவும் மருந்துகளுள் நெடுங்காலமாக ஆராயப்பட்டுப் பயன் மெய்ப்பிக்கப்பட்டது மினாக்சிடில் என்பதாகும். இது மயிருக்கென்று ஆக்கப்பட்ட மருந்தன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்த அப்ஜான் நிறுவனம், கடுமையான இரத்தக் கொதிப்பைத் தணிக்க இதனை மாத்திரையாக உருவாக்கிற்று. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1979-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. அதனை உட்கொண்ட நோயாளிகளின் முகத்திலும் கைகளிலும் மயிர் அடர்ந்து வளரக் கண்டு மருத்துவர் வியந்தனர். 1980-இல், அதனை உட்கொண்ட ஒருவரின் வழுக்கைத் தலையில் மயிர் மீண்டும் வளர்ந்த செய்தி மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. பின்னர் அதே பொருளை நீர்மமாக்கித் தலையில் தடவிச் சோதித்தனர். 2 விழுக்காட்டு மருந்து ஆடவர்க்கென 1988-இலும், பெண்டிர்க்கென 1991-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மருத்துவர் சீட்டின்றி வாங்கும் நிலை 1996-இல் வந்தது. ஆடவர்க்குரிய 5 விழுக்காட்டு மருந்து 1997-இல் வெளிவந்தது.

இம்மருந்து ஓய்விலிருக்கும் மயிர்க்கால்களை விரைவில் வளர்பருவத்திற்குத் தள்ளுகின்றது, அப்பருவத்தையும் நீட்டிக்கின்றது, மெலிந்த மயிர்க்காலைப் பருக்கச் செய்கின்றது. ஆனால், ஒன்றை அது செய்வதில்லை: வழுக்கைக்கு மூலமான சுரப்புநீரின் செயலை அது தடுப்பதில்லை. மருந்தின் சிறப்பும் குறையும் இவ்வொரு செய்தியில் அடங்கியுள்ளன.

நான்கு கட்டங்கள்

மருந்தின் பயனை நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காணலாம்.

முதற் கட்டம், தொடங்கிய 2 வாரம் முதல் 8 வாரம் வரை. இக்காலத்தில் மயிர் முன்னினும் மிகுதியாக உதிர்வதுண்டு. புது மயிர் கிளம்பும்பொழுது ஓய்விலிருந்த பழைய மயிர்களைத் தள்ளிவிடுவதே இதற்குக் காரணம். மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அறிகுறியாகவும் இது இருக்கலாம். இதனைக் கண்டு அஞ்சி மருந்தை நிறுத்துவோர், விதை முளைவிடும் வேளையில் நீரை நிறுத்தும் குடியானவனை ஒப்பர். அவ்வுதிர்வு தணியாமல் நீடிக்குமாயின் மருத்துவரைக் காணல் வேண்டும்.

இரண்டாங் கட்டம், 4 திங்கள் முதல் ஓராண்டு வரை. திங்களுக்கு ஒரு சென்டிமீட்டரே வளரும் மயிர் கண்ணுக்குத் தோன்றுவதற்கு இத்துணைக் காலம் பிடிப்பது இயல்பு. ஏறத்தாழ ஓராண்டில் பயன் உச்சத்தை எட்டுகின்றது. 393 ஆடவரைக் கொண்டு 48 வாரம் நடத்தி 2002-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், 5 விழுக்காட்டு மருந்து 2 விழுக்காட்டு மருந்தினும் 45 விழுக்காடு மிகுதியான வளர்ச்சியைத் தந்தது.

மூன்றாங் கட்டம், ஓராண்டுக்குப் பின். 'மருந்து இத்தனை ஆண்டே வேலை செய்யும். பின்பு உடல் அதற்குப் பழகிவிடும்' என்று பலரும் கூறுவது இக்கட்டத்தைப் பற்றியே. எலிசே ஓல்சன் என்னும் மருத்துவரும் துணைவரும் 1990-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகின்றது. நான்கரை முதல் ஐந்து ஆண்டுகள் மருந்தைத் தொடர்ந்து தடவிய 31 ஆடவரின் மயிர்களை அவர்கள் எண்ணிக் கணித்தனர். ஓராண்டில் உச்சத்தை எட்டிய வளர்ச்சி, பின்னர் மெல்ல மெல்லக் குறைந்தது. எனினும், ஐந்தாம் ஆண்டின் நெருக்கத்திலும் தடித்த மயிர்களின் எண்ணிக்கை தொடக்கத்தில் இருந்ததைவிட மேலாகவே நின்றது. ஆகவே, உச்சத்திலிருந்து இறங்குவதை மருந்தின் தோல்வியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

நான்காங் கட்டம், நிறுத்திய பின். வேரா பிரைஸ் என்னும் மருத்துவர் முதலானோர் 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 36 ஆடவர் 9 பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு 5 விழுக்காடு, ஒரு குழு 2 விழுக்காடு, ஒரு குழு மருந்தில்லாப் போலி நீர்மம் தடவிற்று. மற்றொரு குழு எதுவும் தடவவில்லை. 96 வாரம் கழித்து மருந்து நிறுத்தப்பட்டது. மருந்து பெறாத குழுக்களில் மயிரின் எடை ஆண்டுக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்துவந்தது. மருந்து பெற்றவர்களோ நல்ல பயன் கண்டனர். ஆனால், நிறுத்திய 24 வாரத்திற்குள் அப்பயன் முழுதும் நீங்கி, அவர்களும் போலி நீர்மம் தடவியோரின் நிலையை அடைந்தனர்.

பயன் குறைவது ஏன்?

குலை தள்ளிய வாழை ஒருபுறம் சாய்கின்றது, உடையவன் முட்டுக்கொடுக்கின்றான். முட்டு, சாய்ந்த மரத்தைச் சிறிது நிமிர்த்தித் தாங்குகின்றது. ஆனால், குலையின் பாரம் நாளுக்கு நாள் கூடுகின்றது. ஆகவே முட்டிருந்தும் மரம் சிறிது சிறிதாகத் தாழ்கின்றது. முட்டின் வலிமை குறைந்ததன்று, பாரமே மிகுந்தது. முட்டை எடுத்துவிட்டால், அது இல்லாதிருந்தால் இதற்குள் எங்கே சாய்ந்திருக்குமோ அங்கே மரம் சாய்ந்துவிடும்.

மருந்தின் நிலையும் இதுவே. அது முட்டு, சுரப்புநீரின் செயல் பாரம். ஐந்தாண்டு தடவி நிறுத்தியவர் ஐந்தாண்டுக்கு முந்தைய தலையைப் பெறுவதில்லை. தடவாதிருந்தால் இப்பொழுது எந்த நிலையில் இருப்பாரோ அந்நிலையை ஏறத்தாழ அடைகின்றார். ஐந்தாண்டு இழப்பு சில திங்களில் வந்து சேர்வதால், 'மருந்தே என் மயிரைக் கொன்றது' என்று அவர் எண்ணுகின்றார். அஃது உண்மையன்று. மருந்தால் வளர்பருவத்தில் நிறுத்தப்பட்டிருந்த மயிர்கள் ஓய்வுக்குச் சென்று, மூன்று திங்கள் கழித்து உதிர்கின்றன, அவ்வளவே.

மூலமான பாரத்தையே குறைக்கும் மருந்தும் உண்டு. பினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரை ஆடவர் வழுக்கைக்கென அமெரிக்காவில் 1997-இல் ஒப்புதல் பெற்றது. அதற்குரிய பக்கவிளைவுகளும் உள ஆதலின், மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளலாகாது. கருவுற்ற பெண்டிர் நொறுங்கிய மாத்திரையைத் தொடுதலும் கூடாது.

எந்தத் தலைக்கு ஏற்றது?

இம்மருந்து எல்லா மயிர் உதிர்வுக்கும் உரியதன்று. மெலிந்த மயிர்க்காலைப் பருக்கச் செய்யுமேயன்றி, முற்றும் வழுவழுத்த தலையில் புதிதாக மயிர்க்காலைப் படைக்காது. எனவே, காலத்தே தொடங்குவோர்க்கே பயன் மிகுதி. தோலிலுள்ள ஒருவகை நொதி இம்மருந்தைச் செயல்படும் வடிவிற்கு மாற்றவேண்டும். அந்நொதி குறைந்தோர்க்குப் பயன் குறைவு. ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை முறையாகத் தடவியும் மாற்றம் காணாதோர் மருத்துவரைக் கலந்து முடிவு செய்தல் நன்று.

கடுங்காய்ச்சல், மகப்பேறு ஆகியவற்றுக்குப் பின் இரண்டு மூன்று திங்களில் மயிர் கொத்தாக உதிர்வதுண்டு. அது பெரும்பாலும் சில திங்களில் தானே சீராகும். இரும்புச் சத்துக் குறைவாலும் தைராய்டுக் கோளாற்றாலும் உதிர்வோர்க்கு அவற்றையே சீர்செய்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மாணவன் தலையில் வட்டமாக மயிர் உதிர்ந்து செதில் தோன்றுமாயின், அது பூஞ்சைக் காளானால் வரும் படையாக இருக்கலாம். அது பிற பிள்ளைகளுக்கும் தொற்றும்; சீப்பும் தொப்பியும் பொதுவாகப் பயன்படுத்தினால் விரைவில் பரவும். மேற்பூச்சால் மட்டும் அது தீராது. உள்ளுக்கு மருந்து வேண்டும். கவனியாது விட்டால் சிலர்க்குத் தழும்பு நிலைத்து, அவ்விடத்தில் மயிரே முளையாது போகும். அத்தகைய பிள்ளையை நகைப்புக்கு இடமாக்காமல், பெற்றோரை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புவதே ஆசிரியர் கடமை. மினாக்சிடில் 18 வயதுக்குட்பட்டோர்க்கு உரியதன்று. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

கணக்கும் முடிவும்

நீர்மமாயின் வேளைக்கு 1 மில்லிலிட்டர், நாளுக்கு இருவேளை என்பது வழக்கமான அளவு. 60 மில்லிலிட்டர்ப் புட்டி 30 நாளைக்கு வரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 12 புட்டிகள். பத்தாண்டுக்கு 120 புட்டிகள். ஒரு புட்டியின் விலையால் 120-ஐப் பெருக்கிப் பார்த்த பின்னரே முதற் புட்டியை வாங்குதல் அறிவுடைமை. ஒருவேளை தவறினால் கேடில்லை. அதற்கு ஈடாக மறுவேளை இருமடங்கு தடவலாகாது. மிகுதியாகத் தடவினால் மயிர் விரைந்து வளராது. மருந்து குருதியில் மிகுதியாகச் சேரும். தலையில் அரிப்பும் முகத்தில் தேவையற்ற மயிரும் தோன்றுவதுண்டு. நெஞ்சுவலி, மயக்கம், படபடப்பு ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடவேண்டும். பூனை வளர்க்கும் வீட்டார் மிக்க விழிப்புடன் இருத்தல் வேண்டும். இம்மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு.

மலேசியாவில் பதிவுபெற்ற மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். அஃதில்லாத 'அற்புதத் தைலங்களை' மருந்தென்று நம்பலாகாது. தேங்காயெண்ணெய் மயிரிழைக்கு மெருகூட்டும். இழை சிதைவதைக் குறைக்கும். ஆனால், சிறுத்துவரும் மயிர்க்காலை அது பருக்கச் செய்யும் என்பதற்குச் சான்றில்லை.

ஆக, தடவும் மருந்தின் பயன் எத்துணைக் காலம் எனின், தடவும் காலம் வரை என்பதே சுருங்கிய விடை. அதிலும், முதலாண்டின் வளர்ச்சி அப்படியே நில்லாது; மெல்லக் குறையும்; எனினும் தடவாத நிலையினும் மேலாக இருக்கும். இவ்வளவையும் அறிந்து, ஆண்டுக்கணக்காகத் தொடரும் உறுதியும் பொருளும் உள்ளவர் அதனைக் கைக்கொள்ளலாம். அவ்வாறு தொடர விரும்பாதவர் வழுக்கையை இயற்கையென ஏற்பதும் குறையன்று. அறிந்து கைக்கொள்ளினும் அறிந்து விடுப்பினும் இழிவில்லை. அறியாது அலைந்து, உழைத்து ஈட்டிய பொருளை விளம்பரக்காரர்க்கு வாரி இறைப்பதே இழிவாகும்.