கருவியறையின் வெப்பக் காவல்

உழைப்பவன் உடல் வெம்மையுறுதல் இயல்பு. இயங்கும் மின்கருவிக்கும் அவ்வியல்பு உண்டு. தொலைபேசி நிலையம், வங்கி, மருத்துவமனை ஆகியவற்றின் பணிகளைத் தாங்கும் கணிப்பொறிகளும் மின்கலங்களும் தனியறை ஒன்றில் வரிசையாக அடுக்கப்பெற்றிருக்கும். அதுவே கருவியறை. அக்கருவிகள் உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறி அவ்வறையில் நிறைகிறது. 1 கிலோவாட் மின்சாரம் கொள்ளும் கருவிகள், 1 கிலோவாட் மின்னடுப்பு தரும் வெப்பத்தையே தருகின்றன. அடைத்த அறையொன்றில் அவ்வடுப்பு இரவும் பகலும் எரியுமாயின் என்னாகும்?

2022ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள் இங்கிலாந்தில் வெயில் 40 டிகிரி செல்சியசைக் கடந்தது. அதற்கு முன் அந்நாடு அத்தகைய வெப்பத்தைக் கண்டதில்லை. அன்று இலண்டனில் கைஸ், செயின்ட் தாமஸ் என்னும் இரு பெரிய மருத்துவமனைகளுக்குரிய கணிப்பொறி அறைகளில் குளிரூட்டும் பொறிகள் செயலிழந்தன, கணிப்பொறிகளும் நின்றன. நோயாளரைப் பற்றிய பழைய குறிப்புகளைக் காண இயலாத மருத்துவர்கள், தாளும் எழுதுகோலும் கொண்டு பணியாற்ற நேர்ந்தது. நிலைமை சீர்பெறப் பல வாரங்கள் ஆயின. கருவியறையின் வெப்பம் கருவிகளை மட்டும் தாக்குவதன்று; அவற்றை நம்பி வாழும் மக்களையும் தாக்குவது என்பது இதனால் விளங்கும்.

வெப்பத்தைக் காக்கும் பணியை எந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி பழமையானது. அமெரிக்க நாட்டின் வைட்வாட்டர் நகரில் வாரன் ஜான்சன் என்னும் ஆசிரியர் இருந்தார். அவர் பணியாற்றிய பள்ளியில் ஊழியர் ஒருவர் வகுப்புதோறும் சென்று வெப்பநிலையை நோக்குவார். பின்பு நிலவறைக்குச் சென்று வெப்பக் காற்றின் அளவைத் திருத்துவார். பாடம் இடையறாது நடைபெற விரும்பிய ஜான்சன், அறையின் வெப்பநிலையை மின்மணியால் அறிவிக்கும் கருவியொன்றை அமைத்து, 1883இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இன்றைய கருவியறையில் அவ்வூழியரின் கண்ணாக விளங்குவது வெப்ப உணரி. தெர்மிஸ்டர் என்பது அதன் ஒருவகை. வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். அம்மாறுதலைக் கட்டுப்பாட்டுக் கருவி அளந்தறிந்து விசிறியை இயக்கும். எடுத்துக்காட்டாக, 32 டிகிரியில் விசிறி சுழலத் தொடங்கும். 28 டிகிரிக்கு இறங்கியபின் நிற்கும். இரண்டிற்கும் இடைவெளி எதற்கு? ஓடவும் நிற்கவும் ஒரே அளவை வைப்பின், விசிறி நொடிக்கொரு முறை ஓடியும் நின்றும் விரைவில் பழுதடையும்.

உணரியை வைக்கும் இடமும் கருதத்தக்கது. காற்று நுழையும் வழியருகே வைப்பின், அறை குளிர்ந்திருப்பதாகத் தோன்றும். கருவியின் மீது ஒட்டி வைப்பின், அறை முழுவதும் கொதிப்பதாகத் தோன்றும். கருவிகள் காற்றை உள்ளிழுக்கும் பக்கமே ஏற்ற இடமாகும்.

வெப்பக் காற்று மேலெழும் இயல்பினது. ஆதலின், வெளியேற்றும் விசிறியைச் சுவரின் உச்சியிலும், புதுக்காற்று நுழையும் வழியை எதிர்ச்சுவரின் அடியிலும் அமைப்பர். நுழைவாயில் இல்லையேல் விசிறி வீணே சுழலும், காற்று பெயராது. புழுதியைத் தடுக்க அவ்வாயிலில் வடிகட்டி வேண்டும். அறையின் வெப்பம் வெளிக்காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் மிகாதிருக்க, ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 கன மீட்டர் காற்றை விசிறி வெளியேற்றுதல் வேண்டும்.

விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதன்று. வெப்பத்தைச் சுமந்து செல்வதே அதன் தொழில். வெளிக்காற்றினும் அறையைக் குளிரச் செய்ய அதனால் இயலாது. கோடையின் நண்பகலில் வெளியே 40 டிகிரி இருப்பின், உள்ளே நுழைவதும் அனலேயாம். அந்நேரத்தில் காற்றுவழியை அடைத்துக் குளிர்சாதனப் பொறியை இயக்குதல் வேண்டும். எது தக்கது என்று தெரிந்துகொள்ள, வெளியிலும் ஓர் உணரி வைப்பர்.

காவல் செய்யும் கருவியும் பழுதடையலாம். உணரியின் கம்பி அறுந்துவிடின் மின்தடை அளவின்றி மிகும். அறை மிகக் குளிர்ந்திருப்பதாகக் கட்டுப்பாட்டுக் கருவி மயங்கும். கொதிக்கும் அறையில் விசிறி வாளா நிற்கும். ஆகவே, அத்தகைய அளவைப் பழுதெனவே கொண்டு, விசிறியை ஓட்டி மணியையும் ஒலிக்குமாறு அறிவுடைய பொறியாளர் அமைப்பர். புகை எழுந்தாலோ, விசிறி உடனே நிற்றல் வேண்டும். இல்லையேல் அதுவே நெருப்புக்குக் காற்றூட்டிவிடும்.

கண்ணுறங்காது காக்கும் கருவிகளை மனிதன் படைத்துள்ளான். எனினும், வடிகட்டியில் படிந்த புழுதியைத் துடைப்பதும், மணி ஒலிக்கின்றதா என்று மாதந்தோறும் ஆய்வதும் அவன் கடமையே. காவலனை வைத்தவன் காவலையே மறந்துவிடலாகாது.