படகுக்குக் கணக்கு யார் காட்டுவது?

உழைத்துக் களைத்தவன், ஆண்டுக்கு ஒருநாள், மனைவி மக்களோடு மலைக்குப் போகிறான்; அணைநீரில் படகேறுகிறான். ஆடம்பரமா அது? அல்ல, அவன் உரிமை! சீமானுக்குக் கோடை மாளிகை உண்டு. ஏழைக்கு அந்த ஒருநாள்தான் உண்டு.

அந்த நாளே இறுதிநாளானால்?

தேக்கடியில் ஆயிற்று! பென்னிகுயிக் எழுப்பி, 1895-இல் நிறைவேறிய முல்லைப் பெரியாறு அணை. அடர்ந்த காட்டிடையே அது தேக்கிய நீர். 2009 செப்டம்பர் 30 அன்று, 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு அங்கே கவிழ்ந்தது. மாண்டவர் 45 பேர்!

விலங்கைக் காணப் பயணிகள் ஒருபுறம் திரண்டார்கள், படகு சாய்ந்தது என்றார்கள். திரளாமல் என்ன செய்வார்கள்? விலங்கைக் காணத்தானே வந்தார்கள்! அதைத் தாங்காத படகைக் காட்டு நீரில் விட்டது யார் குற்றம்?

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தக சோழன் காலம், ஆண்டு 921. ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் ஆறுபேர். பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்தில் அமர முடியாது. அவன் உறவினனும் அமர முடியாது! வேதமும் நிலமும் உடையவர்க்கே அந்த வாரியம், உழுதவனுக்கு இடமில்லை. அதை நாம் மறக்கவில்லை. ஆனால், நீருக்குப் பொறுப்பேற்றவன் கணக்குக் காட்டவேண்டும் என்ற நெறியை மறுப்பவர் யார்?

அணைதோறும் படகுத்துறையில் அந்த நெறி நிற்கட்டும்! எத்தனை பேர் ஏறலாம் என்ற எண் படகிலேயே எழுதப்படட்டும். ஏறுவோர் ஒவ்வொருவர் உடலிலும் மிதவைச் சட்டை இருக்கட்டும். தவறியவன் மீண்டும் துறைப்பக்கம் வராதிருக்கட்டும்!

மகிழ வந்த மக்கள், மகிழ்ந்தே வீடு திரும்பவேண்டும். நாம் கேட்பது அவ்வளவே!