சிமென்ட் இல்லாத கிண்ணம்

இடுப்பு மூட்டின் அமைப்பு எளியது. இடுப்பெலும்பின் குழி ஒரு கிண்ணம். அதனுள் உருளும் பந்து, தொடை எலும்பின் தலை. இப்பந்துக்கு இரத்தம் செல்லும் வழிகளோ மிகக் குறுகியவை. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், முக்கியமாக இருளரிடையே, காணப்படும் அரிவாளணு நோய் இவ்வழிகளை அடைத்துவிடக் கூடும். பிறைபோல் வளைந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களில் சிக்க, எலும்பின் தலை உயிரிழந்து நொறுங்குகிறது. அண்டையிலுள்ள நீலகிரி மலைவாழ் மக்களிடம் 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் அறிஞர்கள் இவ்வணுவைக் கண்டறிந்தனர். நோயாளிகள் பெரும்பாலும் இளைஞர்களாக இருப்பதே இதன் கொடுமை. அறுபதில் பொருத்தும் செயற்கை மூட்டு ஆயுள் முழுவதும் போதுமானதாகலாம். இருபத்தைந்தில் பொருத்தியதை மீண்டும் மாற்ற நேரிடும்.

1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்பவர் பாலிஎதிலீன் கிண்ணத்தை அக்ரிலிக் சிமென்ட் கொண்டு பதித்தார். (வீடு கட்டும் சிமென்ட் அன்று, இது ஒட்டுவதுமில்லை, எலும்பின் நுண்துளைகளில் புகுந்து இறுகுவது.) முதன்முறை இம்முறை நன்றே பயன்பட்டது. மறுசிகிச்சையில்தான் இடர்ப்பாடு. பழைய கிண்ணத்தை எடுத்தபின் குழி வழவழப்பாகவும் குறைபட்டும் இருக்கும். சிமென்டுக்குப் பிடிப்பு ஏது?

1980களில் இதற்கு மாற்று வந்தது. துளைகள் நிறைந்த டைட்டானியக் கிண்ணம், குழியைவிடச் சிறிது பெரியதாகச் செய்து அழுத்திப் பொருத்தப்பட்டுத் திருகாணிகளால் நிறுத்தப்படுகிறது. சில மாதங்களில் நோயாளியின் எலும்பே அத்துளைகளுள் வளர்ந்து கிண்ணத்தைப் பற்றிக்கொள்கிறது. மறுசிகிச்சையில் இவ்வாறு கிண்ணம் பொருத்திய 138 இடுப்புகளைத் தொடர்ந்து கவனித்த சிகாகோ மருத்துவர்கள், இருபது ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 கிண்ணங்கள் தளராமல் நிலைக்கும் எனக் கணக்கிட்டு 2009இல் தெரிவித்தனர்.

எனினும், கிண்ணம் நிலைத்தது என்பதால் மூட்டு நிலைத்தது என்று கொள்வதற்கில்லை. உலோகத்தினுள் அமைந்த பாலிஎதிலீன் உறை ஆண்டுதோறும் சிறிது தேய்கிறது. அத்துகள்களை விழுங்கும் அணுக்கள் கிளர்ச்சியுற்று, அதன் விளைவாகச் சுற்றியுள்ள எலும்பு கரைகிறது. நெடுங்காலம் இதற்கு வலியே இராது! எக்ஸ்ரே படம் ஒன்றே அதைக் காட்டும். தக்க காலத்தில் கண்டால் பல சமயங்களில் உறையை மட்டும் மாற்றி, கிண்ணத்தைக் காப்பாற்றிவிடலாம். எலும்பு கரைந்து தீர்ந்தபின் மூன்றாம் சிகிச்சை மிகக் கடினம். 1990களின் இறுதியில் வந்த குறுக்குப் பிணைப்பு மிகுந்த பாலிஎதிலீன் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்துள்ளதாயினும், படம் எடுத்துப் பார்க்கும் தேவை ஒழியவில்லை.

மலையூர்களில் இப்பரிசோதனையே முதலில் விடுபடுகிறது. வலியில்லாத ஒருவர் ஒருநாள் கூலியை இழந்து கோட்டத்தறை அரசு மருத்துவமனைக்கோ கோயம்புத்தூருக்கோ ஏன் செல்வார்? ஆதலால் கிண்ணம் பொருத்திய ஆண்டையும் பழைய படங்களையும் நோயாளி பத்திரமாக வைத்திருக்கின்றாரா என்று களப்பணியாளர் கேட்டறிதல் நலம். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாளணு நோய் ஒழிப்பு இயக்கம் நாற்பது வயது வரையுள்ளோரைச் சோதிக்கிறது. அதில் நோய் கண்ட மாணவன் நொண்டி நடந்தால், அவன் முழங்காலைக் காட்டினும் ஆசிரியர் இடுப்பை நினைவிற் கொள்ளவேண்டும். இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தோன்றுவதுண்டு.