கொல்லையில் கொய்யா, கடையில் மாத்திரை!



சம்பளம் போட்ட அன்று சாயங்காலம் கடைக்குப் போய் வருகிறோம். பையில் என்ன இருக்கிறது? அரிசி, பருப்பு, கருவாடு. அதோடு பிள்ளைகளுக்கு டின் பானம், 'சத்து' என்று எழுதிய மாத்திரைப் போத்தல். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கொய்யாப் பழத்தையோ அணிலும் வௌவாலும் தின்கின்றன. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்!

"என்னாங்க, சம்பளம், போனஸ்னு எழுதறத விட்டுட்டு கொய்யாவைப் பத்தி எழுத வந்துட்டீங்க?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தோட்டம் தோட்டமாகப் போகும்போது பெண்கள் நம்மிடம் சொல்வது ஒன்றுதான்: "தலை சுத்துது, மேடு ஏறினா மூச்சு வாங்குது." இதற்குப் பல காரணம் இருக்கலாம், அதில் முக்கியமான ஒன்று இரத்தச் சோகை. அதோடு கொய்யாவுக்குத் தொடர்பு உண்டு.

ஆரஞ்சைவிட நாலு மடங்கு

100 கிராம் ஆரஞ்சில் வைட்டமின் 'சி' சுமார் 53 மில்லிகிராம். அதே எடை கொய்யாவில் சுமார் 228 மில்லிகிராம். வகைக்கு வகை கூடும், குறையும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 40 முதல் 110 மில்லிகிராம் வரை என்று நாட்டுக்கு நாடு கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு நடுத்தரப் பழமே போதும். இந்தச் சத்தை உடம்பு நெடுநாள் சேர்த்து வைக்காது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். ஆகவே ஒரே நாளில் பத்துப் பழம் தின்பதைவிட தினம் ஒன்று மேல்.

கப்பல்காரர்கள் கற்ற பாடம்

வைட்டமின் 'சி' இல்லாவிட்டால் ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், காயம் ஆறாது. நெடுங்கடல் போன கப்பல்காரர்கள் இந்த நோயால் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே சீக்கிரம் தேறினார்கள். ஆனால் பிரிட்டிஷ் கடற்படை எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க முன்வந்தது 1795-இல்தான்! வழி தெரிந்தும் 48 வருடம் ஆயிற்று. உழைப்பவன் உடம்பைப் பற்றி மேலே உள்ளவர்களுக்கு அவசரம் கிடையாது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோற்றோடு பழம், தேத்தண்ணி அப்புறம்

நம் சாப்பாட்டில் முருங்கைக்கீரை இருக்கிறது, பருப்பு இருக்கிறது. இவற்றில் இரும்புச் சத்தும் இருக்கிறது. ஆனால் அதில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். அதே வேளைச் சாப்பாட்டோடு வைட்டமின் 'சி' போனால் இன்னும் கூடுதலாகச் சேரும். நாமோ சாப்பிட்ட கையோடு தேத்தண்ணியோ கோப்பியோ குடிக்கிறோம். அவை இரும்பைச் சேரவிடாமல் தடுக்கின்றன.

ஆகவே, பால் வெட்டிவிட்டு காட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது கூடவே ஒரு கொய்யா தின்னுங்கள். தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கர்ப்பிணிகள் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. கொய்யா தின்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

சில சந்தேகங்கள்

"கொய்யா தின்னா சளி பிடிக்கும்" என்று பாட்டிமார் சொல்வார்கள். சளி கிருமியால் வருவது, பழத்தால் வருவதல்ல. அதற்காக, கொய்யா சளியைத் தடுக்கும் என்றும் நாம் சொல்லவில்லை.

இனிப்புநீர் உள்ளவர்கள் சாறு பிழிந்து சீனி போட்டுக் குடிக்காமல், முழுப் பழமாக அளவோடு தின்னலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தின்ன வேண்டும். இதில் பொட்டாசியம் அதிகம். தோலைச் சீவாதீர்கள், தோலிலும் சத்து உண்டு. ஆனால் மருந்தடிக்கும் இடத்தருகே உள்ள மரமென்றால் பழத்தை நன்றாகக் கழுவுங்கள். அசாம் போய்த் தூளைக் கொட்டிக் கொட்டித் தின்னாதீர்கள். அதில் உப்பு கூடுதல்.

மரமும் உரிமையும்

மரம் இல்லாத வீட்டில் ஒரு பதியக் கன்று வையுங்கள். விதைக் கன்றைவிட சீக்கிரம் காய்க்கும். பிஞ்சிலேயே காகிதப் பை கட்டினால் ஈ கொத்தாது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர்கள் பெரிய சட்டியில் வளர்க்கலாம்.

கடைசியாக ஒன்று. கொய்யா நல்ல சம்பளத்துக்கு ஈடாகாது. பழம் தின்றும் தலைசுற்றல் நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள், இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். "லீவு போட்டா சம்பளம் போயிடும்" என்று பயந்து நோயோடு வேலைக்காட்டுக்குப் போகாதீர்கள். டாக்டர் சான்று கொடுத்தால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: இரண்டு வருடத்துக்குக் குறைவான வேலைக்கு வருடத்தில் 14 நாள், அதற்கு மேல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள். இது யாரும் போடும் பிச்சை அல்ல, நமது உரிமை. மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

கொல்லையில் உள்ள பழத்தையும் விடாதீர்கள். சட்டத்தில் உள்ள உரிமையையும் விடாதீர்கள்!